வாசித்ததாகக் கொள்ளப்பட்டது

மே 20, திங்கள்

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, திங்கட்கிழமைகளில் காலை இட்லியை நான்கிலிருந்து இரண்டாகக் குறைப்பதென்று இன்று தீர்மானித்தேன். ஐம்பத்து நான்கு வயதில் ஒரு மனிதன் இத்தகைய முடிவுகளை அவசரப்பட்டு எடுப்பதில்லை. இரண்டு வாரம் சாதக பாதகங்களை எடைபோட்டேன். திங்கட்கிழமை ஒன்பதரை மணிக்கு அலுவலகக் கூட்டம். ஒன்பது மணிக்கு என் வயிறு கலங்கிவிடுகிறது. தேங்காய்ச் சட்னியின் மீது எனக்குச் சந்தேகம்.

முடிவை மனைவி கோகிலவாணியிடம் அறிவித்தேன். "ஆகட்டுங்க. மிச்ச மாவுல பணியாரம் ஊத்திக்கறேன்" என்றாள். வரலாற்றுத் தருணங்களை அருகில் இருப்பவர்கள் உணர்வதில்லை.

மே 27, திங்கள்

கோவையில் இருக்கும் எங்கள் பூவரசு பம்ப்செட் நிறுவனம் தரச்சான்று வாங்கப் போகிறது. அதற்காகச் சென்னையிலிருந்து வந்த தணிக்கையாளர், எங்கள் வாராந்திரக் கூட்டத்துக்குக் குறிப்பேடே இல்லை என்று கண்டுபிடித்து, கோப்புக்குள் பாம்பைக் கண்டவர்போல் துள்ளினார். பக்க எண் அச்சிட்ட குறிப்பேடு வேண்டும், பேசியது பேசியபடி பதிவாக வேண்டும், அடுத்த கூட்டத்தில் அதை வாசித்துத் தலைமை வகிப்பவர் கையெழுத்திட வேண்டும் என்று சொல்லிப் போனார்.

பொது மேலாளர் தெய்வசிகாமணி மேசையைச் சுற்றிலும் பார்த்து என்னிடம் வந்து நின்றார்.

"ஏனுங்க சென்னியப்பன், நீங்க எம்.ஏ. தமிழுங்களே. நா வந்து நாலு வருசமாச்சு, உங்க படிப்புனால கம்பெனிக்குக் காக்காசு பிரயோசனம் இல்லீங்க. இனியாச்சும் நா சொல்றத ஒரு எழுத்து விடாம எழுதுங்க."

இருபத்தாறு ஆண்டுப் பணியில் முதல் முறையாகத் தமிழுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பெருமையாக இருந்தது. வயிறு மட்டும் சரியில்லை.

ஜூன் 3, திங்கள்

குறிப்பேட்டின் முதல் பதிவை இங்கே படியெடுத்து வைக்கிறேன்.

"வருகை: அமர்ந்தவர்கள் ஐவர். நின்றவர் ஒருவர் (கணக்குப் பிரிவு நாச்சிமுத்து. மூன்று நிமிடம் தாமதமாக வந்தமையால் நாற்பது நிமிடம் நின்றார்). பொருள் 1: முதுநிலை உதவியாளர் சென்னியப்பனின் நாற்காலியில் அவருக்குப் பதிலாக ஒரு மூட்டைப் புண்ணாக்கை வைத்திருந்தால் மாட்டுக்காவது பயன்பட்டிருக்கும் எனப் பொது மேலாளர் கருத்துத் தெரிவித்தார். நடவடிக்கை: இல்லை."

நடை சுத்தமாக வந்திருக்கிறது. 'பயன்பட்டிருக்கும்' என்ற இடத்தில் 'பயன்பட்டிருக்கக்கூடும்' என்று போடலாமா என்று யோசித்தேன். அவர் அவ்வளவு சந்தேகத்தோடு சொல்லவில்லை.

ஜூன் 10, திங்கள்

விதிப்படி சென்ற வாரக் குறிப்பை வாசிக்க எழுந்தேன்.

"உக்காருங்க, உக்காருங்க. இதயெல்லாம் கேட்டுட்டு இருக்க நா என்ன உங்களாட்ட வெட்டியாவா இருக்கறனுங்க? வாசிச்சாச்சுன்னு எழுதிப் போடுங்க" என்று சொல்லி, படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து. கடைசியில் ஒரு மயில் தோகை.

வாசிக்காததை வாசித்ததாக எழுதினால் பொய். 'முந்தைய கூட்டக் குறிப்பு வாசித்ததாகக் கொள்ளப்பட்டது' என்று எழுதினேன். யார் கொண்டார் என்று செயப்பாட்டுவினை சொல்ல வேண்டியதில்லை. என் போன்ற உதவியாளர்களுக்கு இலக்கணம் தந்திருக்கும் குடை அது.

ஜூன் 17, திங்கள்

மழை. சட்னி அடியோடு நிறுத்தம். பலன் இல்லை.

ஜூன் 24, திங்கள்

அனுப்புகைப் பிரிவுக்கு வந்திருக்கும் இசக்கியம்மாளைப் பற்றி இதுவரை எழுதவில்லை. திருச்செந்தூருக்குப் பக்கத்துக் கிராமம். வயது இருபத்தேழு. ஆறு மாதத் தகுதிகாண் பருவத்தில் இரண்டு மாதம் முடிந்திருக்கிறது. சுறுசுறுப்பு. எங்கள் ஊரில் எல்லோரும் பேச்சின் கடைசியில் 'ங்க' போடுவதை முதல் வாரம் ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

இன்றைய பதிவு: "பொருள் 4: லாரி வாடகைக் கோப்பு, பொது மேலாளரின் மேசையிலிருந்து இசக்கியம்மாளின் மேசைக்கு வான்வழியாக அனுப்பிவைக்கப்பட்டது. கோப்பு அவரது தோளில் பெறப்பட்டது."

ஜூன் 25, செவ்வாய்

கேன்டீனில் இசக்கியம்மாள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? அவரு வாராவாரம் ஒங்கள ஏசுதாரு. நீங்க குனிஞ்சு எழுதிக்கிட்டே இருக்கியளே?"

"ஏசறதா? அதெல்லாம் இல்லீங் அம்மிணி. அவரு பேச்சு அப்படி. மரியாதையாத்தான பேசறாரு? 'ங்க' போடறாருல்ல?"

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"எங்கூர்ல 'நாயே'ன்னு சொன்னா நாய்தான் அண்ணாச்சி. ஒங்கூர்ல 'நாய்ங்க'ன்னு சொன்னா என்ன, பூனையா?"

நான் கொங்குத் தமிழின் மரியாதை விகுதிகள் குறித்து அவருக்குச் சிறிது விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "தோளு இன்னும் வலிக்கி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 30, ஞாயிறு

மாடியில் வெண்டைக்கு உரம் வைத்தேன். காலையில் நான்கு இட்லி, சட்னியோடு. கோகிலவாணி தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏனுங்க, சட்னி ஞாயித்துக்கெழம உங்கள ஒண்ணும் பண்றதில்லீங்களா?"

"பண்றதில்லை."

"வியாழக்கெழம?"

"இல்லை."

"சட்னிக்குக் கெழம தெரியுதுங்களாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அறிவியல் மனப்பான்மை அவளிடம் எப்போதும் உண்டு.

ஜூலை 1, திங்கள்

கூட்டத்துக்கு முன் குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பிழைதிருத்தத்துக்காகத்தான்.

எழுத்துத் தமிழில் 'ங்க' கிடையாது. அவர் சொல்லும்போது வாக்கியத்தின் வாலில் இருந்த அந்த இரண்டு எழுத்து, என் கைக்கு வந்ததும் இலக்கணப்படி உதிர்ந்துவிட்டிருந்தது. அது உதிர்ந்த பிறகு மிஞ்சியிருந்ததைப் படித்தேன்.

புண்ணாக்கு. வெட்டி. செத்த பிணத்துக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு, பிணத்துக்கு மாதச் சம்பளம் கிடையாது. நாச்சிமுத்துவின் காதுக் கருவியைக் காட்டி, 'வானொலியை இயக்கிவிட்டு வந்தீரா' என வினவப்பட்டது.

இந்தச் சென்னியப்பன் என்ற மனிதர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. வாராவாரம் ஒருவரை இப்படிப் பேசுகிறார்களே, அந்த அறையில் இருப்பவர்களில் ஒருவர்கூட எதுவும் சொல்ல மாட்டார்களா என்று தோன்றியது. பிறகு அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று வருகைப் பகுதியைப் பார்த்தேன்.

இன்று சாப்பிடவில்லை. சட்னி நிரபராதி.

ஜூலை 8, திங்கள்

இன்றைய பதிவு, பக்கம் 12. முழுவதையும் எழுதிவைக்கிறேன்.

"பொருள் 3: ஆத்தூர் முகவருக்கு நாளையே நாற்பது மோட்டார் அனுப்புமாறு பொது மேலாளர் பணித்தார். 'எந்த ஆத்தூர்?' என இசக்கியம்மாள் வினவினார். தமிழ்நாட்டில் எத்தனை ஆத்தூர் உள்ளன எனப் பொது மேலாளர் எதிர்வினா எழுப்பினார். இசக்கியம்மாள் விடையளிக்க முற்பட்டபோது, அவரது ஊரில் பள்ளிக்கூடம் உள்ளதா, பனைமரம் மட்டும் உள்ளதா என வினவினார். உறுப்பினர்கள் சிரித்தனர். சென்னியப்பனும் சிரித்தார். எந்த ஆத்தூர் என்பது தெரிவிக்கப்படவில்லை."

கடைசிக்கு முந்தைய வாக்கியம் இரண்டே சொல். அதை எழுத வெகுநேரம் ஆயிற்று.

ஜூலை 11, வியாழன்

நாற்பது மோட்டாரும் தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஆத்தூருக்குப் போய் இறங்கிவிட்டன. இசக்கியம்மாளிடம் இருந்த முகவர் பட்டியலில் ஒரே ஓர் ஆத்தூர்தான் இருந்தது, அவர் ஊருக்குப் பக்கத்து ஆத்தூர். மோட்டாருக்காகக் காத்திருந்தவரோ சேலத்துக்குக் கிழக்கே இருக்கும் ஆத்தூர்க்காரர். போன வாரம் புதிதாகச் சேர்ந்தவர். அவர் பெயர் எழுதிய தாள் பொது மேலாளரின் இழுப்பறையைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை.

கோவையில் பிறந்தவனுக்கு ஆத்தூர் என்றால் சேலம். திருச்செந்தூர்ப் பெண்ணுக்கு ஆத்தூர் என்றால் தாமிரபரணி. இரண்டும் சரி. அதனால்தான் அவர் கேட்டிருக்கிறார்.

ஜூலை 12, வெள்ளி

பொது மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் இசக்கியம்மாளிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"ராஜினாமா எழுதிக் குடுத்துருங்க. இருபத்திரண்டாந் தேதி முதலாளியம்மா காலாண்டுக் கூட்டத்துக்கு வாறாங்க. அதுக்குள்ள போயிட்டீங்கன்னா உங்களுக்கும் கௌரவமுங்க."

"தப்பு எம்மேல இருந்தா எழுதுதேன் சார். எந்த ஆத்தூர்னு கேட்டேனே?"

"கேட்டீங்களா? எப்பக் கேட்டீங்க? யாராச்சும் கேட்டாங்களா?" என்று எல்லோரையும் பார்த்தார். எல்லோருக்கும் மேசையில் வேலை இருந்தது.

பிறகு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது. "ஏனுங்க, நா சேலம் ஆத்தூருன்னு தெளிவாச் சொன்னேன்னு நோட்டுல இருக்கோணும். இல்லீன்னா இருக்கற மாதிரி பண்ணிப்போடுங்க. உங்களுக்கு இன்னும் நாலு வருச சர்வீஸ் இருக்குதுங்க. மறந்தறாதீங்க."

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் இசக்கியம்மாள் நின்றிருந்தார்.

"வேல போச்சுன்னா எங்க மாமா மவனுக்குக் கட்டி வச்சிருவாவ அண்ணாச்சி. ஆறு மாசம் தாக்குப்பிடிச்சு நிரந்தரமாக்கிட்டா விட்டுருதோம்னு அப்பா சொல்லியிருக்காவ."

"பையன் மோசமானவனுங்களா?"

"ரொம்ப நல்லவரு. என்ன சொன்னாலும் சிரிப்பாரு. காலமெல்லாம் அதப் பாத்துக்கிட்டு இருக்கணுமே."

பேருந்து வந்தது. ஏறுமுன், "நீங்களும் அன்னிக்குச் சிரிச்சிய" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

வெண்டை ஐந்து காய்த்திருக்கிறது. பக்கம் 12-ஐ எப்படி மாற்றலாம் என்று ஒரு தனித்தாளில் எழுதிப் பார்த்தேன். 'சேலம் மாவட்ட ஆத்தூர் எனப் பொது மேலாளர் தெளிவுபடுத்தினார்.' இலக்கணப் பிழை இல்லை. ஒற்றுப்பிழைகூட இல்லை. தமிழ் மொழியில் பொய்யைத் தடுக்க ஒரு விதியும் இல்லை என்பதை எம்.ஏ. வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

கோகிலவாணி தாளைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கீழே கழிந்த நான்கு வருடத்தையும் சொன்னேன். சொல்ல மதியம்வரை ஆயிற்று.

"அந்தப் புள்ள கேட்டுச்சுங்களா, இல்லீங்களா?"

"கேட்டார்."

"அப்பறம் எதுக்குங்க இன்னொரு தாளு?" என்றவள், அதை மடித்து ஆடிக்கொண்டிருந்த கட்டில் காலுக்கு அடியில் வைத்தாள். கட்டில் இப்போது ஆடுவதில்லை.

ஜூலை 15, திங்கள்

சென்ற வாரக் குறிப்பு வாசித்ததாகக் கொள்ளப்பட்டது. பக்கம் 12-இன் கீழே மயில் தோகை விழுந்தது.

"நோட்டு செரியா இருக்குதுங்களா?" என்று காதருகில் கேட்டார்.

"செரியா இருக்குதுங்க" என்றேன். இந்த நான்கு ஆண்டில் அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை.

ஜூலை 19, வெள்ளி

நாச்சிமுத்து என் மேசைக்கு வந்தார். காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு, குறிப்பேட்டைக் காட்டி, "நா நின்னதும் அதுல இருக்குதுங்களா?" என்று கேட்டார். ஏழு கூட்டங்களில் மொத்தம் இருநூற்று முப்பது நிமிடம் என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அவ்வளவுதானுங்களா? கூட இருக்குமாட்ட இருந்துச்சு" என்றார்.

ஜூலை 22, திங்கள்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

நிர்வாக இயக்குநர் சுலோசனா அம்மாள் பத்து மணிக்கு வந்தார். கணவர் இறந்தபின் நிறுவனத்தைத் தானே நடத்துகிறவர். மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் அலுவலகக் கூட்டத்தில் உட்காருவார். அதிகம் பேச மாட்டார். பொது மேலாளர் ஆத்தூர் விவகாரத்தை எடுத்தார். தான் தெளிவாகச் சொன்னதாகவும், இசக்கியம்மாளின் கவனக்குறைவு என்றும், ராஜினாமா எழுத மறுப்பது திமிர் என்றும் சொன்னார்.

"நா கேட்டேன் அம்மா" என்றார் இசக்கியம்மாள்.

"கேட்டாங்களாமா! எல்லாம் நோட்டுல இருக்குதுங்கம்மா. பேசுனது பேசுனபடி. ஏனுங்க சென்னியப்பன், எட்டாந் தேதி குறிப்பப் படிங்க. சத்தமாப் படிங்க, அந்தப் புள்ளைக்குக் கேக்கோணும்."

நான் எழுந்தேன். குறிப்பேட்டைத் திறந்தேன். பக்கம் 12-ஐ, பொருள் 3-ஐ, செய்தி வாசிப்பது போல் வாசித்தேன். எதிர்வினா எழுப்பினார். பள்ளிக்கூடம் உள்ளதா, பனைமரம் மட்டும் உள்ளதா என வினவினார். உறுப்பினர்கள் சிரித்தனர். 'சென்னியப்பனும் சிரித்தார்' என்பதையும் வாசித்தேன். எந்த ஆத்தூர் என்பது தெரிவிக்கப்படவில்லை.

நாச்சிமுத்து காதுக் கருவியின் ஒலியைக் கூட்டினார்.

"என்னங்க இது? யாருங்க இப்படி எழுதச் சொன்னது?" என்றார் பொது மேலாளர்.

"நீங்கதானுங்க. ஒரு எழுத்து விடாம எழுதச் சொன்னீங்க."

சுலோசனா அம்மாள் கையை நீட்டிக் குறிப்பேட்டை வாங்கினார். பக்கத்தின் அடியைப் பார்த்தார்.

"சிகாமணி, இது உங்க கையெழுத்துங்களா?"

"அது வந்துங்கம்மா... வாசிச்சதாக் கொள்ளப்பட்டதுங்க."

"நா அப்படிக் கொள்ளலீங்க." குறிப்பேட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "மொதப் பக்கத்துல இருந்து படிங்க."

"அம்மா, நேரமாகுதுங்க, மத்த பொருளெல்லாம்..."

"உக்காருங்க சிகாமணி."

படித்தேன். புண்ணாக்கைப் படித்தபோது யாரும் சிரிக்கவில்லை. கோப்பு வான்வழியாக அனுப்பப்பட்டதைப் படித்தபோது சுலோசனா அம்மாள் இசக்கியம்மாளின் தோளைப் பார்த்தார். பிணத்தின் மாதச் சம்பளத்தைப் படித்தபோது, என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. இவ்வளவு உரக்க நான் இந்த அறையில் பேசியதில்லை. காதுக் கருவி வந்ததும் நாச்சிமுத்து எழுந்து நின்றார். இந்த முறை யாரும் நிற்கச் சொல்லவில்லை.

"அது நெசமுங்கம்மா. நா நின்னதும் நெசமுங்க."

"நானும் இருந்தேங்க" என்றது கடைசி நாற்காலி. "நானுமுங்க" என்றது அதற்கு அடுத்தது.

ஏழு கூட்டம், பதினான்கு பக்கம். கையெழுத்தான ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் இன்னார் கையொப்பமிட்டு உறுதிசெய்தார் என்பதையும் வாசித்தேன். வாசிக்காமல் விட்டால் குறிப்பு முழுமை பெறாது.

பொது மேலாளர் என்னைப் பார்த்து, "நாலு வருசமா எங்கூட ஒக்காந்து சாப்ட்டுட்டு, இப்புடிப் பண்ணிப்போட்டியே சென்னியப்பா?" என்றார்.

'ங்க' இல்லாமல் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. நான் உட்கார்ந்து, நாள், நேரம் குறித்து, அதையும் எழுதிக்கொண்டேன்.

சுலோசனா அம்மாள் எழுந்தார். "இசக்கியம்மா, அந்த வெள்ளத்தாளு உங்ககிட்ட இருக்குதுங்களா?"

"இருக்கு அம்மா."

"அத சிகாமணிகிட்டக் குடுத்துருங்க. வெளியிலிருந்து ஒரு வக்கீலம்மாவ விசாரணைக்கு அனுப்பறேன். எல்லாரும் நடந்தத எழுதிக் குடுங்க. ஆருக்கும் பயம் வேண்டாமுங்க. அது முடியறவரைக்கும் சிகாமணி ஆபீஸ் வர வேண்டியதில்ல." வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்தா ஆகாதாட்ட இருக்குது. தப்பு எனக்கும் இருக்குதுங்க."

அதையும் எழுதினேன்.

ஜூலை 23, செவ்வாய்

இசக்கியம்மாள் என் மேசைக்கு வந்து நின்றார். அன்று சிரித்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். செயப்பாட்டுவினையில் கேட்கவில்லை.

"சரி அண்ணாச்சி. நேத்து நீங்க படிக்கும்போது எனக்குத்தான் சிரிப்பு வந்துது. 'வான்வழியாக'ன்னு எப்படி அண்ணாச்சி எழுதுனிய?"

"கோப்பு வந்த வழி அதுதானுங்களே."

இருவரும் சத்தமாகச் சிரித்தோம். யாரும் திரும்பிப் பார்த்து முறைக்கவில்லை. முறைக்க வேண்டிய அறை பூட்டியிருந்தது.

ஜூலை 30, செவ்வாய்

விசாரணை முடிந்தது. வக்கீலம்மா என் குறிப்பேட்டைப் பாராட்டினார். சாட்சிகளிடம் தேதி கேட்டால் மேற்கூரையைப் பார்ப்பார்களாம், இங்கே பக்க எண்ணோடு சொல்கிறார்களாம். நாச்சிமுத்து ஐந்து பக்கம் எழுதிக் கொடுத்தார். அவருக்கு இவ்வளவு எழுத வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

தெய்வசிகாமணியின் ராஜினாமா ஏற்கப்பட்டதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். ஆறு மாதம் முடியும்வரை காத்திராமல் சுலோசனா அம்மாள் கொடுத்த இசக்கியம்மாளின் பணி நிரந்தர ஆணையும் பக்கத்திலேயே இருந்தது. அதில் அவர் பெயரை 'இசைக்கியம்மாள்' என்று அச்சடித்திருந்தார்கள். திருத்திக் கொடுத்தேன். மாமா மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்களாம். அவர் சிரித்தாராம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

புதிய பொது மேலாளர் வரும்வரை சுலோசனா அம்மாளே தலைமை. கூட்டம் ஒன்பதரைக்குத் தொடங்கியது. எல்லோரும் கேள்வி கேட்டதால் பதினொன்றேகாலுக்குத்தான் முடிந்தது. காலையில் நான்கு இட்லி சாப்பிட்டிருந்தேன், சட்னியோடு.